வாரத்துக்கு வந்த ஈப்புலி

புளியரை எடைமேடையில் எனக்கு இரவுப் பணி.
மலையேறும் லாரிகள் வந்து நின்று போகும்,
வைக்கோல், கோழி, எம்-சாண்ட்.
ஏரல் வாழைத்தார் ஒன்றிலிருந்துதான் அவள் இறங்கினாள்,
ரசீதுக்கு நீண்ட டிரைவரின் கைமேல்.
அவன் உதறப் போனான்.
நான் டீக் கிளாசைக் கவிழ்த்தேன்.

இடித்த மிளகு நிறம். எட்டில் இரண்டு கண் பெரிது.
அந்த இரண்டும் என்னைத்தான் பார்த்தன.
மற்ற ஆறைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது.

எங்கள் பக்கம் ஈப்புலி என்பார்கள்.
விளையாட்டுக்கு மேடையில் வைத்துப் பார்த்தேன்.
இருபது கிலோவுக்குக் கீழே எதையும்
சுழி என்றே சொல்லும் இயந்திரம் அது.

ஊறுகாய் ஜாடியைத் தலைகீழாய் வைக்க வேண்டும்.
அவள் உச்சியில்தான் பட்டுத் தொட்டில் கட்டுவாள்,
மூடி மேலே இருந்தால் திறக்கும்தோறும் வீடு கிழியும்.
இதைக் கற்க எனக்கு இரண்டு தொட்டில் ஆயிற்று.
காலையில் பிரஷ் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர்.
தீனிக்கு, அழுகிய பழத்தில் ஈ வளர்த்தேன்.
ஈ வளர்ப்பவளுக்கு யார் வீடு தருவார்?
ஆசியாம்மாள் தந்தாள்.
"கரப்பான் திங்குமா அது?" என்று மட்டும் கேட்டாள்.

ஆண், ஆரியங்காவு தாண்டி வந்தது,
புனலூர் பஸ் கண்டக்டர் ஜினேஷின் டிக்கெட் பைக்குள்,
ஹோமியோ மருந்துக் குப்பியில்.
"வாரத்துக்கு விடுங்கள்" என்றேன்.
அவருக்குச் சொல் விளங்கவில்லை.
ஆடு விடுவது மாதிரி, குட்டியில் பாதி.
"மதி" என்றார்.
போதும் என்று அர்த்தமாம். எனக்கு நிலா என்று கேட்டது.

மூன்று நாள் ஜாடியோடு ஜாடி ஒட்டி வைத்தேன்.
நாலாம் நாள், அவள் வயிறு முட்டத் தின்றபின், திறந்தேன்.
அவன் முன்கால் இரண்டையும் தூக்கினான்
லாரியை மறிக்கிற போலீஸ்காரர் போல.
இடப்பக்கம் நாலு எட்டு. வலப்பக்கம் நாலு எட்டு.
நின்று அதிர்ந்தான்.
மூன்று முறை பெண்பார்க்க வந்திருக்கிறார்கள் என்னை.
ஒருவனும் இப்படி மெனக்கெட்டதில்லை.

கூடினார்கள். ஒரு வைக்கோல் லாரி வந்தது.
பத்து டன் நானூறு.
ரசீது கிழித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால்
அவன் பாதிதான் இருந்தான்.

வாரத்து ஆடு செத்தால்
தோலைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.
மிஞ்சிய நாலு காலைத் தீப்பெட்டியில் வைத்து
பஸ்ஸுக்குக் காத்திருந்தேன்.
ஜினேஷ் திறந்து பார்த்தார்.
டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.
"அவனுக்குப் பேரு வச்சிருந்தேன்."
என்ன பேர் என்று சொல்லவில்லை.

தலையீத்தில் ஐம்பத்தேழு.
கடுகளவு. ஒன்றாக விட்டால் ஒன்றே மிஞ்சும் என்பதால்
ஐம்பத்தேழு மாத்திரை டப்பா, ஊசியால் குத்திய மூடி.
இருபத்தெட்டு அவருக்கு, இருபத்தெட்டு எனக்கு.
ஒற்றைக் குஞ்சு, எண்ணும்போதே தாவி
மேடைப் பக்கம் போயிற்று.
கணக்கு தீர்ந்தது என்று கைகுலுக்கினோம்.

ஆவணியில் அவள் மறுபடி தொட்டில் கட்டினாள்.
ஆணே இல்லாமல்.
தின்றது போக
அவனை உள்ளே எங்கோ எடுத்து வைத்திருக்கிறாள்.
கிழடு தட்டிவிட்டது. போன மாதம் ஈக்குத் தாவி
விரற்கடை தவறி விழுந்தாள்,
எதுவும் நடக்காதவள் போல முகம் துடைத்தாள்.
இப்போது மூன்று வாரமாகத் தீனி தொடவில்லை. காவல்.

ரெண்டாமீத்துக்கு வாரம் உண்டா?
கோழி லாரிக்காரர், ஆடும் வைத்திருப்பவர், யோசித்தார்.
"பெட்டையத்தான் வாரத்துக்கு விடுவாங்க.
கிடாய எவன் விட்டான்?"

பட்டுக்குள் புள்ளி புள்ளியாய் ஏதோ அசைகிறது.
எஸ் வளைவில் முதல் பஸ்ஸின் விளக்கு இறங்குகிறது.
இங்கே ஸ்டாப் இல்லை, கை காட்டினால் நிறுத்துவார்.
எழுந்து வெளியே போனேன்.
ஒரு கை போதும்.
இரண்டும் எழுந்தன.